0.3 பதிப்புக்குப் பிறகு: எதை முதலில் தீர்மானிப்பது

வட்டுகளில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கோப்புகள் யாரும் தொடாமலேயே சிதைந்துபோயிருக்கின்றனவா என்பதைக் கண்டறியும் ஒரு சிறிய கட்டளைவரிக் கருவியைத் திறமூல மென்பொருளாக எழுதிவருகிறேன். ஒரு கோப்புறையைக் காட்டினால், அதிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் முழுமையாகப் படித்து, அதன் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும், கைரேகை போன்ற ஒரு குறுகிய எண்ணை) கணக்கிட்டு, ஒரு பட்டியலில் எழுதிவைக்கும். சில மாதங்கள் கழித்து மறுபடி இயக்கினால், பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, எவை மாறியிருக்கின்றன, எவை காணாமற்போயின, எவை புதிதாக வந்தவை என்று சொல்லும். வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமைகளுள் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்றவை இந்தச் சரிபார்ப்பைத் தாமே செய்துகொள்கின்றன. ஆனால் பெரும்பாலானோர் பயன்படுத்தும் லினக்ஸின் எக்ஸ்ட்4, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஆகியவை கோப்பின் உள்ளடக்கத்துக்கு அப்படி எதையும் வைத்துக்கொள்வதில்லை என்பதால்தான் இப்படியொரு கருவிக்கு இடம் இருக்கிறது. 0.3 பதிப்பு வெளியாகிவிட்டது, என்னைத் தவிர வேறு சிலரும் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், நிரல் திருத்தங்களும் வரத் தொடங்கிவிட்டன. இனி அடுத்து என்ன என்பதை மனத்துக்குள் மட்டும் வைத்திருப்பது சரியாக இராது.

தொடக்க நிலையில் இருக்கும் திட்டங்களின் முன்வரைவுகளைப் பார்த்தால், அவற்றில் பல ஒரே அச்சில் இருப்பதைக் காணலாம். இந்தக் காலாண்டில் வரைகலை இடைமுகம், அடுத்த காலாண்டில் செருகுநிரல் வசதி, அதற்கடுத்ததில் கைப்பேசிச் செயலி என்று வசதிகள் வரிசையாக நிற்கும். அவ்வரிசையை நிர்ணயிப்பது எது கவர்ச்சியாக இருக்கிறது என்பதே. ஓய்வு நேரத்தில் ஒருவரோ இருவரோ எழுதும் மென்பொருளுக்கு இத்தகைய வரைவினால் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். ஒரு வசதி இன்று வந்தாலும் அடுத்த ஆண்டு வந்தாலும் திட்டம் பிழைத்துக்கொள்ளும். சில தீர்மானங்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றை எடுத்த பிறகு மாற்றுவதற்கான செலவு நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் மாற்றவே இயலாது. எனவே என் திட்டப் பட்டியலை, பின்னால் மாற்றுவது எவ்வளவு கடினம் என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

அந்தக் கட்டம் நாம் நினைப்பதைவிட மிக முன்னதாகவே வந்துவிடுகிறது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டமைக்கும் மேக் (make) என்ற கருவியை எழுதியபோது, அதற்கான மேக்ஃபைல் என்ற கோப்பில் கட்டளை வரிகள் ஒவ்வொன்றும் டேப் எழுத்தோடு தொடங்க வேண்டும் என்று வைத்தார். வெறும் இடைவெளிகளுக்கும் டேப்புக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது என்பதால் இது தொல்லை தரும் விதி என்பது விரைவிலேயே புலப்பட்டது. ஆனால் அதற்குள் சுமார் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய கோப்புகளைக் குலைக்க மனமின்றி அவர் அதை அப்படியே விட்டுவிட்டதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன, இன்றும் மேக்ஃபைல் எழுதும் புதியவர்கள் அந்த டேப்பில் தடுக்கி விழுகிறார்கள். பன்னிரண்டு பேரே ஒரு விதியை நிலைபெறச் செய்துவிட முடியும் என்றால், என் கருவியின் நிலையும் இப்போது ஏறத்தாழ அதுதான்.

என் திட்டத்தில் மாற்றக் கடினமானவற்றுள் முதலாவது பட்டியல் கோப்பின் வடிவம். நிரலில் ஒரு வழு இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். பழைய நிரலை யாரும் தேடப்போவதில்லை. பட்டியல் அத்தகையது அன்று. குறிப்பிட்ட ஒரு நாளில் அந்தக் கோப்புகள் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு அது ஒன்றே சாட்சி. மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிய பட்டியலைப் புதிய பதிப்பால் படிக்க முடியாமற்போனால், புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள் என்று பயனரிடம் சொல்வதில் பொருளே இல்லை. இடைப்பட்ட காலத்தில் சிதைந்துவிட்ட கோப்பும் புதிய பட்டியலில் நல்ல கோப்பாகவே பதிவாகும். 0.3 வரை இந்த வடிவம் தற்காலிகமானது என்றே அறிவித்து வந்தேன். 0.4 முதல் எழுதப்படும் எந்தப் பட்டியலையும் அதற்குப் பின் வரும் எல்லாப் பதிப்புகளும் படிக்கும் என்று உறுதி தர விரும்புகிறேன். ஆகவே 0.4இன் வேலையில் பெரும்பகுதி இதற்கே போகும்.

உறுதி தருவதற்கு முன் தீர்க்க வேண்டியவை பல. ஹாஷ் முறையை எடுத்துக்கொள்வோம். மூலநிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற கருவி 2005இல் உருவானபோது எஸ்எச்ஏ-1 என்ற முறை அதன் அடித்தளத்திலேயே பதிந்துவிட்டது. அது சேமிக்கும் ஒவ்வொன்றின் பெயரும் 40 பதினறும எண்களாக அமைந்து, அந்த நீளத்தை நம்பியே எண்ணற்ற துணைக்கருவிகள் எழுதப்பட்டன. 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் ஒரே எஸ்எச்ஏ-1 மதிப்பைத் தரும் இரு வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டு, அந்த முறையை இனி நம்ப முடியாது என்று காட்டின. அதைவிட வலிமையான எஸ்எச்ஏ-256 முறையில் அமைந்த களஞ்சியங்களை (ஒரு திட்டத்தின் நிரலும் அதன் வரலாறும் இருக்கும் சேமிப்பிடங்களை) சோதனை நிலையில் கிட் ஏற்றுக்கொண்டது 2020 அக்டோபரில், 2.29 பதிப்பில்தான். அவ்வளவு பெரிய பங்களிப்பாளர் கூட்டம் இருந்தும் இந்தப் பாடு என்றால், தனியாள் திட்டம் முன்கூட்டியே எச்சரிக்கையாக இருப்பது நல்லது. எனவே பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் ஹாஷ் மதிப்போடு முறையின் பெயரும் சேர்த்தே எழுதப்படும். இப்போதைக்கு எஸ்எச்ஏ-256 இயல்பு முறை. 2020இல் வந்த பிளேக்3 அதைவிட வெகு விரைவானது, ஆகவே விரும்புவோர் அதைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரே பட்டியலில் இரண்டும் கலந்திருந்தாலும் கருவி குழம்பாது. தற்செயலான சிதைவைக் கண்டுபிடிக்க இவ்வளவு வலிமையான முறை தேவையில்லை, சிஆர்சி போன்ற எளிய கணக்கே போதும் என்று ஒரு பங்களிப்பாளர் வாதிட்டார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் மக்கள் ஒரு கருவியை அது எழுதப்பட்ட நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்துவார்கள் என்று நான் நம்பவில்லை.

கோப்புப் பெயர்கள் இதைவிடச் சிக்கலானவை. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் தொடர். சாய்கோட்டையும் சுழிய பைட்டையும் தவிர எதுவும் வரலாம், புதுவரிக் குறியீடு உட்பட. வரிக்கு ஒரு கோப்பு என்று எழுதும் எந்த வடிவமும் இங்கே உடைந்துபோகும். கோப்புகளின் ஹாஷ் மதிப்பைப் பட்டியலிடும் எஸ்எச்ஏ256சம் கட்டளை இதற்காகவே, பெயரில் புதுவரி இருந்தால் அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு பின்சாய்கோட்டை இட்டு எச்சரிக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் தரத்தால் வரும் சிக்கல் தமிழ்ப் பெயர்களை நேரடியாகத் தொடுகிறது. ‘கோ’ என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம், பைட்டுகளின்படி வேறு வேறு. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்ஸோ கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்திருக்கும். அந்த ஆப்பிள் வட்டிலிருந்து லினக்ஸ் வட்டுக்கு வந்த ‘கோப்பு’ என்ற பெயருள்ள கோப்பு, ஒருமுறை காணாமற்போனதாகவும் ஒருமுறை புதிதாக வந்ததாகவும் அறிக்கையில் இரண்டு இடத்தில் தோன்றும், கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஔகாரக் குறிக்கும் ஒகரக் குறிக்கும் இதே நிலைதான். பெயர்களை ஒரே வடிவுக்கு மாற்றி, அதாவது இயல்பாக்கி, சேமித்துவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை, ஏனெனில் அப்படிச் செய்தால் வட்டில் உண்மையில் இருக்கும் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். இருந்தபடியே சேமிப்பது, ஒப்பிடும்போது நேர்ப்பொருத்தம் கிடைக்காவிட்டால் மட்டும் இயல்பாக்கிய வடிவில் தேடுவது என்று வரைவில் எழுதியிருக்கிறேன்.

கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைப் பதிவதும் தவிர்க்க முடியாதது. உள்ளடக்கமும் நேரமும் சேர்ந்து மாறியிருந்தால் யாரோ திருத்தியிருக்கிறார்கள். நேரம் அப்படியே இருக்க உள்ளடக்கம் மட்டும் மாறியிருந்தால்தான் சிதைவு என்று ஐயப்பட வேண்டும். கருவியின் பயனே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஆனால் எஃப்ஏடி கோப்பு முறைமையுள்ள வட்டுகள் நேரத்தை இரண்டு நொடித் துல்லியத்தில்தான் வைத்திருக்கின்றன, அதுவும் உள்ளூர் நேரத்தில். இத்தனைக்கும் இடம் கொடுக்கும் வடிவம் இப்போதே வேண்டும். இவற்றைப் பயன்படுத்தும் நிரல் மெதுவாக வந்தாலும் பாதகமில்லை.

இதற்கு எனக்கு முன்மாதிரியாக இருப்பது எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள். அதன் தரவுத்தளக் கோப்பின் முதல் 16 பைட்டுகளிலேயே வடிவத்தின் பெயரும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும்; 2004இல் மூன்றாம் பதிப்பு எழுதிய கோப்புகளை இன்றைய பதிப்பும் திறக்கிறது. என் பட்டியலும் முதல் வரியில் தன் வடிவ எண்ணைச் சொல்லும். அந்த எண் கருவியின் பதிப்பெண்ணோடு சேர்ந்து ஏறாது. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அது எழுதிய மாதிரிப் பட்டியல் ஒன்றைச் சோதனைக் கோப்புறையில் போட்டுவைத்து, பின்வரும் எல்லா மாற்றங்களும் அந்தப் பழைய பட்டியல்களைப் படிக்கின்றனவா என்று தானியங்கிச் சோதனை பார்க்கும். கொடுத்த உறுதியை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பை மனிதரிடம் விடுவது நல்லதன்று.

மாற்றக் கடினமானவற்றுள் இரண்டாவது உரிமம். லினக்ஸ் கருநிரல் முதலில் வணிகப் பயன்பாட்டைத் தடைசெய்யும் உரிமத்தோடு வெளிவந்து, 1992இன் தொடக்கத்தில் 0.12 பதிப்போடு ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்துக்கு மாறியது. பங்களித்தவர்கள் அப்போது மிகச் சிலரே என்பதால் அது எளிதில் முடிந்தது. இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலகம் அவ்வளவு எளிதாகத் தப்பவில்லை. தன் பழைய உரிமத்தைக் கைவிட்டு அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறுவதற்காக 2017இல் பங்களிப்பாளர்களைத் தேடித்தேடிக் கடிதம் எழுதி ஒப்புதல் கேட்டது, புதிய உரிமத்தோடு 3.0 பதிப்பு வந்தது 2021 செப்டம்பரில். ஒவ்வொரு பங்களிப்பாளரும் தாம் எழுதிய வரிகளுக்கு உரிமையாளராக இருப்பதால், அவர்கள் எல்லோரையும் கேட்காமல் உரிமத்தை மாற்ற முடியாது. என் கருவிக்கு அப்பாச்சி 2.0 என்று முடிவு செய்துவிட்டேன். எம்ஐடி உரிமம் சுருக்கமானது, ஆனால் காப்புரிமைக் காப்பு பற்றி அதில் வெளிப்படையாக எதுவும் இல்லை. இதுவரை திருத்தம் அனுப்பியவர்களிடமும் ஒப்புதல் பெற்றாகிவிட்டது. இனி வரும் ஒவ்வொரு கமிட்டிலும் (களஞ்சியத்தில் பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும்), லினக்ஸ் 2004இல் கொண்டுவந்த முறைப்படி, இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்று உறுதிகூறும் கையொப்ப வரி இருக்க வேண்டும். தனி ஒப்பந்தப் படிவங்களில் கையெழுத்துக் கேட்டால் ஒரு வரித் திருத்தம் அனுப்ப வருபவர் திரும்பிப் போய்விடுவார்.

பெயர் இன்னும் தற்காலிகமானதுதான். ஃபீனிக்ஸ் என்று பிறந்து, ஃபயர்பேர்ட் ஆகி, 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் ஆன உலாவி அதனால் கெட்டுப்போகவில்லை. இருந்தாலும் பொதித் தொகுப்புகளில் ஏறிய பிறகு பெயர் மாற்றுவது எல்லோருக்கும் எரிச்சல் என்பதால், 0.4க்குள் முடித்துவிட எண்ணம். சின்னம், வலைத்தளம், அரட்டை அறை ஆகியவற்றைப் பற்றி இப்போது பேச வேண்டியதே இல்லை.

கருவி வேலையை முடிக்கும்போது திருப்பித் தரும் வெளியேறும் குறியீட்டெண் பார்வைக்கு அற்பமானது, ஆனால் மாற்றக் கடினமானது. இத்தகைய கருவிகளைப் பெரும்பாலும் மனிதர்கள் நேரடியாக இயக்குவதில்லை. இரவில் தானாக ஓடும் சிறு நிரல் ஒன்று இயக்கி, கிடைக்கும் எண்ணைப் பார்த்து, மின்னஞ்சல் அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும். அந்த எண்ணின் பொருளை நாம் மாற்றினால் யாருக்கும் பிழைச்செய்தி வராது, எச்சரிக்கை மட்டும் சத்தமின்றி நின்றுபோகும். இரு கோப்புகளை ஒப்பிடும் டிஃப் கட்டளையின் வழக்கத்தையே பின்பற்றி, வேறுபாடு இல்லையெனில் 0, இருந்தால் 1, கருவியே இடறினால் 2 என்று வைத்துவிட்டேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துப் பெருமைப்பட இது இடமன்று.

இவற்றைத் தவிர மற்ற அனைத்தும் திறந்தே கிடக்கலாம். உள்ளே எந்தத் தரவமைப்பு, ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைப் படிப்பது, அறிக்கை எந்த வண்ணத்தில் வரும் என்பவை பற்றி வரும் நீண்ட விவாதங்களில் எனக்கு ஆர்வம் உண்டுதான், ஆனால் அவற்றுக்கு இப்போது முடிவு தேவையில்லை. யார் வேலையைச் செய்கிறாரோ அவர் விருப்பப்படி செய்யட்டும், பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்வோம்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. கமிட்டுகளின் எண்ணிக்கை, களஞ்சியத்துக்குக் கிடைத்த நட்சத்திரங்கள், மூடப்பட்ட இஷ்யூக்கள் (வழு, கோரிக்கைப் பதிவுகள்) ஆகியவை வரைபடமாகப் போட்டால் அழகாக ஏறும். நானும் அவற்றைப் பார்க்காமல் இருப்பதில்லை. ஆனால் இந்தத் திட்டத்துக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் வேறு: என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் ஒருவரால் எதுவரை போக முடிகிறது? கிட் எழுதத் தொடங்கிய சில நாட்களிலேயே, 2005 ஏப்ரல் 7 அன்று, தன் மூலநிரலைத் தானே பராமரிக்கத் தொடங்கியது. வசதிகளின் பட்டியலைவிட இந்தச் செய்தி அந்தக் கருவியைப் பற்றி அதிகம் சொல்கிறது. 0.1இல் நிறுவுவதற்கே என் உதவி தேவைப்பட்டது. இப்போது நிறுவல், முதல் பட்டியல், ஒப்பீடு வரை ஆவணத்தைப் படித்தே செய்துவிடுகிறார்கள். அறிக்கையில் ‘ஐயத்துக்குரியது’ என்று வரும்போது என்ன செய்வது என்ற இடத்தில்தான் கேள்விகள் குவிகின்றன. எனவே அடுத்த ஆவண வேலை எங்கே என்பது தெளிவாகிவிட்டது.

தேதிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். லினக்ஸ் வழங்கலான உபுண்டு 2004 முதல் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறது. முடியாத வசதி அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளிப்போகும். எப்போதும் ஏதாவது ஒன்று முடிந்திருக்கும் அளவுக்கு ஆட்கள் இருக்கும் இடத்தில் இது நன்றாகவே நடக்கும். மாலை நேரங்களில் மட்டும் எழுதப்படும் திட்டத்தில் ஆறு மாதம் கழித்து வெளியிட எதுவுமே இல்லாமற்போகலாம். பதிப்பெண்ணையே வாக்குறுதியாக்குவதும் ஆபத்தானது. 1992 மார்ச்சில் லினக்ஸ் 0.12இலிருந்து ஒரே தாவலாக 0.95க்குச் சென்றது, 1.0 அருகிலேயே இருக்கிறது என்ற நம்பிக்கையில், 1.0 வந்தது 1994 மார்ச்சில். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்குவதற்காக 1993இல் தொடங்கிய வைன் 1.0ஐத் தொட்டது 2008இல்தான். இரண்டுமே அந்தத் தாமதத்தால் வீணாகிவிடவில்லை, அதற்கு முன்பே ஏராளமானோர் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆகவே 1.0க்கு நான் தேதி சொல்லப்போவதில்லை, நிபந்தனைகளை மட்டும் எழுதியிருக்கிறேன்: பட்டியல் வடிவம் ஓராண்டுக்காவது மாறாமல் நிலைத்திருக்க வேண்டும், லினக்ஸ், விண்டோஸ், ஆப்பிளின் மேக்ஓஎஸ் மூன்றிலும் சோதனைகள் தேற வேண்டும், என் உதவியின்றி வேறொருவர் ஒரு வெளியீட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை செய்து முடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையைத்தான் நிறைவேற்றுவது கடினம். இன்னொரு பராமரிப்பாளர் வேண்டும் என்பதில் ஐயமில்லை, ஆனால் களஞ்சியத்தில் எழுதும் உரிமையைக் கொடுப்பதும் எளிதில் திரும்பப் பெற முடியாத ஒன்றே. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (மறைவாக உள்ளே நுழைய வைத்த வழி) ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை வைத்தவர், களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரின் நம்பிக்கையை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பெற்று உள்ளே வந்தவர். அதனால் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெளியீட்டுக் கோப்புகள் யாருடைய கணினியிலும் உருவாக்கப்படாமல், களஞ்சியத்திலுள்ள மூலநிரலிலிருந்து மட்டுமே தானியங்கியாக உருவாகும்படி 0.4க்கு முன்பே அமைத்துவிட்டால், புதியவரை வரவேற்பதும் எளிதாகும், அவர் என்னைச் சரிபார்ப்பதும் எளிதாகும்.

வேண்டாம் என்று சொல்வதற்கும் திட்டத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். அதிகம் கேட்கப்படுவது, சிதைந்த கோப்பைக் கருவியே சரிசெய்ய வேண்டும் என்பது. பிழை திருத்த உதவும் ரீட்–சாலமன் குறியீடுகளைக் கொண்டு உபரித் தரவை எழுதிவைத்தால் அது நடக்கக்கூடியதே. ஆனால் இன்றைய நிலையில் இந்தக் கருவி பயனரின் கோப்புகளைப் படிக்க மட்டுமே செய்கிறது, எழுதுவதில்லை. அதனால்தான் அறிமுகமில்லாதவர்கள் தங்கள் ஒரே நகல் இருக்கும் வட்டிலும் அதைத் துணிந்து இயக்குகிறார்கள். அந்தத் துணிவை இழக்க நான் தயாரில்லை. 1.0 வரை சரிசெய்யும் வேலை இல்லை என்று களஞ்சியத்தின் முகப்பிலேயே எழுதிவிட்டேன். அதன் பிறகு அதே கேள்வி வருவது குறைந்திருக்கிறது, இன்னும் நின்றுவிடவில்லை.

பட்டியல் வடிவத்தின் வரைவு களஞ்சியத்தில் தனிக் கோப்பாக இருக்கிறது. அதில் எனக்குத் தீர்வு தெரியாத பகுதி விண்டோஸ் பெயர்கள்தான்: என்டிஎஃப்எஸ் பெயர்களை 16 பிட் அலகுகளின் தொடராக வைத்திருக்கிறது, அத்தொடர் எப்போதும் செல்லத்தக்க யூனிகோடாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. அத்தகைய பெயரை யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையிலான பட்டியலில் எழுதி, மீண்டும் மாற்றமின்றி எப்படிப் படிப்பது என்பதற்கு இரண்டு வழிகளை வரைவில் எழுதி, இரண்டுக்கும் சோதனைக் கோப்புகளும் வைத்திருக்கிறேன். விண்டோஸில் நிரல் எழுதுவோர் அவற்றை இயக்கிப் பார்த்து எந்த வழி எங்கே உடைகிறது என்று சொன்னால், வடிவத்தை மூடிவிட்டு 0.4ஐ வெளியிடலாம்.